அமிலத்தில் கறுக்காத எண்ணெய்

கடலூர்
3 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. மாமாவும் உன் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு ‘ம்’, ‘சரி’ தவிர வேறு வார்த்தை வருவதில்லை. அம்மா கருவாட்டுக் கூடையோடு சிதம்பரம் வரும்போது இதையும் எடுத்து வருவாள்.

நீ அம்மாவிடம் கொடுத்தனுப்பிய எண்ணெய் பாஸ்.

இந்த எண்ணெய்க் கம்பெனி லேபில் சேர்ந்ததிலிருந்து நான் தேவசகாயம் சாரிடம் நானாகப் போய்ப் பேசியதில்லை. அவர்தான் எங்கள் லேபுக்குப் பொறுப்பு. உன் பாட்டிலைக் கைப்பையில் மூன்று நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசை முன்னால் போய் நின்றுவிட்டேன். “இன்னாம்மா, லீவா?” என்றார். “இல்ல சார், எங்க அக்கா அண்ணாமலை நகர்ல குழந்தைங்களுக்குத் தேய்க்கிற எண்ணெய் செஞ்சு விக்கிறாங்க. அதுக்கு வாங்குற வெள்ளை எண்ணெய் நல்லதான்னு பாக்கணும்” என்று ஒரே மூச்சில் சொன்னேன். “கொண்டா, நானும் வரேன்” என்று எழுந்துவிட்டார்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று நீ கேட்டிருந்தாயே. வெள்ளை எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது, முதலில் டீ நிறத்தில் இருக்கும். அதில் கந்தக அமிலத்தை ஊற்றிக் கலக்குவார்கள். அழுக்கெல்லாம் தார் போலக் கீழே இறங்கும். அதை வெளியேற்றிவிட்டு, எண்ணெயைக் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் கழுவி, ஒரு வகைக் களிமண் பொடி வழியாக வடிகட்டுவார்கள். கொஞ்சம் செய்து நிறுத்தினால் அது மெஷினுக்கு. மருந்துக்கும் குழந்தைத் தோலுக்கும் என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும், வாசனையும் இருக்காது. அதனால் சோதனைக் குழாயில் எண்ணெயோடு அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைத்துக் குலுக்குவோம். அழுக்கு மிச்சமிருந்தால் கீழே நிற்கும் அமிலம் கறுத்துவிடும். சுத்தமாக இருந்தால் வைக்கோல் நிறத்தைத் தாண்டாது.

உன்னுடையது வைக்கோல் நிறம்கூட இல்லை. சார் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “உங்க அக்கா எங்கம்மா வாங்குறாங்க? நம்ம கம்பெனிய விட சுத்தமா இருக்குதே” என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் சந்தோஷமாக இருந்தது அக்கா.

எழிலரசி

*

அண்ணாமலை நகர்
11 ஆகஸ்ட் 2024

எழிலு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். “என்னாடி, உன் தங்கச்சி வாயத் தொறந்து சாருகிட்ட பேசினாளா? நம்பவே முடியல” என்றார். அத்தை மட்டும், “எண்ணெயைப் பாத்து எண்ணெய்ன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா” என்றது. நான் கண்டுகொள்ளவில்லை.

இப்போது வியாபாரம் பரவாயில்லை. வெள்ளை எண்ணெயோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து, வெட்டிவேர் ஊறவைத்து வடிகட்டுகிறேன். யுனிவர்சிட்டி குவார்ட்டர்ஸில் அமராவதி மேடம் வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதைப் பார்த்து எதிர் வீட்டு பூஜா மேடம், கடைசி வீட்டு டீச்சர் என்று ஒவ்வொருவராக வாங்குகிறார்கள். முன்பெல்லாம் அந்தத் தெருவில் நான் நடந்தால் ‘கருவாட்டுக்காரம்மா பொண்ணு’ என்பார்கள். இப்போது “ஜோதிலட்சுமி, உள்ள வாங்க” என்கிறார்கள். ஒரு மேடம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உட்காரத் தெரியாமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் மாமா வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில் லேபிள் அடித்துவிட்டோம். ‘ரசாயனப் பட்டதாரி எழிலரசி அவர்களால் சோதிக்கப்பட்டது’ என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறோம். ஒன்று அனுப்புகிறேன், உன் சாரிடம் காட்டு. பெரிய கேனாகவே எடுத்துவிட்டேன், தீபாவளி வரைக்கும் தாங்கும்.

உன் அக்கா ஜோதி

*

கடலூர்
18 ஆகஸ்ட் 2024

அக்கா,

லேபிளைச் சாரிடம் காட்டவில்லை. பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் பெயரை அச்சில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. தயவுசெய்து அடுத்த முறை அதை எடுத்துவிடு. நான் சோதித்தது ஒரு பாட்டில். நீ ஒட்டுவது எத்தனை பாட்டிலில்?

இங்கே ஒவ்வொரு தொட்டி எண்ணெயையும் தனித்தனியாகத்தான் சோதிப்போம். நேற்றைய தொட்டி பாஸ் ஆனது என்று இன்றைய தொட்டியை யாரும் விடமாட்டார்கள். அதனால் புது கேனிலிருந்து ஒரு சின்ன பாட்டில் அம்மாவிடம் கொடுத்து அனுப்பு. சார் ஒன்றும் சொல்லமாட்டார். இப்போது அவரிடம் கேட்க எனக்குப் பயமில்லை.

இன்னொன்று. நீ அனுப்பிய பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். அதன் மேல் ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டிக் கிழித்த பசை இருந்தது. பழைய பாட்டிலில் ஊற்றினால் பழைய சரக்கின் மிச்சம் கலந்துவிடும். புதுப் பாட்டிலாகப் பார்த்து அனுப்பு.

எழில்

*

அண்ணாமலை நகர்
1 செப்டம்பர் 2024

எழிலு,

சாம்பிள் அனுப்ப நேரமில்லை. இங்கே ஒரு தொல்லை வந்திருக்கிறது.

மலர்க்கொடி என்று ஒரு பெண். குவார்ட்டர்ஸில் நான்கைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். நேற்றுக் காலையில் கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து நிற்கிறாள். குழந்தையின் கை மடிப்பிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. “அக்கா, உங்க எண்ணெய் தேச்சதுல இருந்துதான் இப்படி இருக்குது” என்கிறாள். சத்தம்கூடப் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தெருவில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

நான் அவளுக்கு ஒரு பாட்டில்கூட விற்றதில்லை எழிலு. சத்தியமாகச் சொல்கிறேன். “நான் எப்போம்மா உனக்குக் குடுத்தேன்? எவளோ தூண்டிவிட்டு வந்திருக்கே” என்று கத்திவிட்டேன். அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். அத்தை உள்ளே இருந்து, “மீனு வித்த கை, எண்ணெய் வித்தா நாறாம இன்னா செய்யும்” என்றது. அத்தை வீட்டிலும் மீன்தான் பிடிக்கிறார்கள். அதை யார் சொல்வது?

இது மேடம்கள் காதுக்குப் போவதற்குள் எனக்கு ஒரு காகிதம் வேண்டும். உங்கள் கம்பெனி பெயர் போட்ட தாளில், இந்த எண்ணெய் நல்லது என்று எழுதி, சாரிடம் ஒரு கையெழுத்து வாங்கி உடனே அனுப்பு.

ஜோதி

*

கடலூர்
4 செப்டம்பர் 2024

அக்கா,

கம்பெனி தாளில் எழுத எனக்கு உரிமையில்லை. சாரிடம் கேட்கவும் மாட்டேன். ஆனால் நீ வருத்தப்படாதே. என் சோதனையில் தப்பு இல்லை. அந்தக் குழாயை நானே பார்த்தேன், சாரும் பார்த்தார். அமிலத்தில் கறுக்காத எண்ணெய் குழந்தைத் தோலை ஒன்றும் செய்யாது. வேறு ஏதாவது சோப்பு போட்டிருப்பாள். வெயிலில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால் வேர்க்குரு வரத்தான் செய்யும். படிக்காதவர்கள் எதற்கும் எதையாவது காரணம் சொல்வார்கள்.

வெள்ளைத் தாளில் என் கையெழுத்திலேயே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ‘இந்த எண்ணெயை முறைப்படி சோதித்தேன். குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது. தொடர்ந்து பயன்படுத்தலாம்.’ கீழே பட்டத்தோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளிடம் காட்டு.

எழில்

*

அண்ணாமலை நகர்
15 செப்டம்பர் 2024

எழிலு,

காட்டினேன். அமராவதி மேடம் வீட்டுப் பின்வாசலில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். “சரிக்கா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் வரவில்லை. பிரச்சினை முடிந்தது. படிப்பு என்றால் படிப்புதான்.

அம்மா முட்டி வலிக்குத் தேய்க்கக் கேட்டாள். கேனிலிருந்து ஒரு பாட்டில் வெறும் எண்ணெயாகவே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அது அவளுக்கு. நீ அதை எடுத்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்காதே.

ஜோதி

*

கடலூர்
19 செப்டம்பர் 2024

அக்கா,

ஆராய்ச்சி பண்ணாதே என்று நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

அம்மாவின் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போனேன். சார் வேறு பிரிவுக்குப் போயிருந்த நேரம். குழாயைக் கொதிநீரில் வைத்து முதல் முறை குலுக்கும்போதே தெரிந்துவிட்டது. அமிலம் முதலில் மஞ்சளானது, பிறகு டீயானது, பிறகு பால் விடாத காபி. கடைசியில் குழாய்க்குப் பின்னால் வைத்த என் விரல் தெரியவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் செய்தேன் என்று குழாயைக் கழுவி மறுபடியும் செய்தேன். மறுபடியும் அப்படியேதான். எங்கள் கம்பெனியில் மெஷினுக்கு விற்கும் எண்ணெய்கூட இவ்வளவு கறுக்காது.

பின்னாலிருந்து சாரின் குரல் கேட்டது. “இது யாரோடதும்மா?” குழாயை ஸ்டாண்டில் வைத்தேன். “உங்க அக்காவோடதா?” தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. “முன்ன குடுத்தது எங்கயிருந்து வந்துதுன்னு கேளு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை நம்பி எழுந்து வந்த மனிதர். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ முதலில் அனுப்பிய பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர் கண்ணாடியிலேயே பதிந்திருக்கிறது. இத்தனை நாள் நான் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

எதை அக்கா என்னிடம் சோதிக்கக் கொடுத்தாய்?

எழில்

*

அண்ணாமலை நகர்
24 செப்டம்பர் 2024

எழிலரசிக்கு,

ஆமாம். அது கீழ வீதி மெடிக்கல் கடையில் வாங்கிய மருந்து எண்ணெய். பேப்பரை ஊறவைத்துக் கிழித்துவிட்டு அனுப்பினேன்.

ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. நீ நம்பினால் நம்பு. நான் விற்க வாங்குவது கடலூர் முதுநகரில் ஒருவர் கடையில். டிரம்மிலிருந்து நேராக, குழாய் போட்டுப் பிடித்துக் கொடுப்பார். அவர் கடையில் கிரீஸ், போட் இன்ஜின் ஆயில் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு பாட்டில் ஊற்றி உனக்காக எடுத்துவைத்தேன். அம்மா வருவதற்கு முதல் நாள் அதை எடுத்துப் பார்த்தேன். நீ அதைப் பெரிய பெரிய சார்கள் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைப்பாய். ‘இவ அக்கா இதைத்தான் விக்கிறாளா’ என்று அவர்கள் கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிழிந்த பாயையா விரிப்போம்? அடுத்த வீட்டில் நல்ல பாய் வாங்கி விரிப்போம். அப்படித்தான் செய்தேன். நீ தலைகுனியக் கூடாது என்றுதான் நல்லதாக வாங்கி அனுப்பினேன்.

நீ ‘பாஸ்’ என்று எழுதியபோது என் எண்ணெயே பாஸ் ஆன மாதிரி எனக்கே ஆகிவிட்டது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று நீதானே எழுதினாய்?

இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்? ஒவ்வொரு மேடம் வீட்டுக் கதவாகத் தட்டி, நான் உங்கள் பிள்ளைகளுக்கு மெஷின் எண்ணெய் விற்றேன் என்று சொல்லவா? அப்புறம் நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பது? கேனில் மிச்சம் இருப்பதை விற்காமல் நிறுத்திவிடுகிறேன். போனது போகட்டும். மலர்க்கொடியும் வாயை மூடிக்கொண்டுவிட்டாள். நீயும் விட்டுவிடு.

ஜோதி

*

கடலூர்
25 செப்டம்பர் 2024

அக்கா,

இன்று அம்மா வரும் நாளில்லை. இந்தக் கடிதத்துக்காகவே அவளைக் காலை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். “இன்னாடி அவசரம், ரெண்டு பேரும் சண்டையா?” என்று கேட்டாள். டிக்கெட்டுக்குப் பணத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ பாயை மாற்றி விரித்தாய், சரி. நான் என்ன செய்தேன்? கேனைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ‘பாதுகாப்பானது’ என்று எழுதினேன். பாட்டிலில் பசை இருந்ததைப் பார்த்தேன். நீ சாம்பிள் அனுப்பாததையும் பார்த்தேன். ஆனாலும் என் சோதனை சரி என்று காட்டவேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது. சார் பாராட்டியது கெட்டுப்போகக் கூடாது என்று இருந்தது. படிக்காதவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று எழுதினேனே, அந்த வரி நேற்றிலிருந்து என்னைப் படுத்துகிறது. நம் வீட்டில் எனக்கு முன்னால் யார் படித்தார்கள்?

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா?

எல்லாப் பாட்டிலையும் திரும்ப வாங்கு. எண்ணெய் தப்பு என்று வாயால் சொல்லி வாங்கு. உன்னால் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். மேடம்கள் முன்னால் நின்று பேசுவதை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டுகிறது. ஆனாலும் வந்து சொல்வேன். கோபப்படு, பேசாமல் இரு, ஆனால் அதுவரை யாரும் அதைக் குழந்தை மேல் தேய்க்காமல் பார்த்துக்கொள்.

எழில்

*

அண்ணாமலை நகர்
28 செப்டம்பர் 2024

எழிலு,

போய்விட்டு வந்தேன். தனியாகத்தான் போனேன். நீ வந்து நின்றால் உன்னையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முதலில் கடைசி வீட்டு டீச்சர். “அம்மா, எண்ணெய்ல ஒரு தப்பு ஆயிடுச்சி, திருப்பிக் குடுத்துடுங்க” என்றேன். அவர்கள் உள்ளே போய் எடுத்து வந்தார்கள். மூடியைத் திறக்கவே இல்லை. மேலே தூசி. “நீங்க அவ்ளோ தூரம் வந்து நின்னீங்க, வேணாம்னு சொல்ல மனசு வரல” என்றார்கள்.

பூஜா மேடம் வீட்டில் பாட்டில் பாதி காலியாக இருந்தது. “பாப்பாவுக்குத் தேச்சீங்களா மேடம்?” என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, இல்லைங்க. கேட் கீச்சு கீச்சுன்னு கத்திச்சு, அதுக்குப் போட்டோம். நல்லா வேலை செஞ்சுது.” எதிரே இன்னொரு வீட்டில் தையல் மெஷினுக்கு ஊற்றியிருக்கிறார்கள். எந்த அமிலமும் இல்லாமல் அது எதற்கு ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலி போட்டதும், உள்ளே வாங்க என்றதும், எல்லாம் பாவம் பார்த்துச் செய்ததா என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். ஒரு குழந்தை மேலும் அது படவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது.

அமராவதி மேடம் இரண்டு பாட்டில் வாங்கியிருந்தார்கள். ஒன்றுகூட இல்லை. “நான் எங்க யூஸ் பண்றேன், நம்ம மலர் புள்ள வெச்சிருக்கா இல்ல, அவளுக்குத்தான் குடுத்தேன். அவ ஜாஸ்தி சந்தோஷப்பட்டா” என்றார்கள்.

எழிலு, வாங்கியவர்களில் ஒருத்தரும் நம்பவில்லை. வாங்காத அவள் ஒருத்திதான் நம்பியிருக்கிறாள்.

அவள் வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். கேட்டுக் கேட்டுப் போனேன். குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். புண் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கிறது. சில இடத்தில் நீர் வடிகிறது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். “உக்காருங்கக்கா. நான் அன்னிக்கி உங்க வூட்டு வாசல்ல வந்து அப்படிக் கேட்டது தப்புதான். நாலு பேரு முன்ன உங்களுக்கு அசிங்கமாப் போச்சி” என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

“இப்பவும் அந்த எண்ணெயா தேய்க்கிற?” என்றேன். “நடுவுல விட்டுட்டேன்கா. உங்க தங்கச்சி எழுதினத படிச்சப்புறம் திரும்பத் தேய்க்கிறேன். படிச்சவங்க தொடர்ந்து தேய்க்கலாம்னு எழுதியிருந்தாங்களே. ரெண்டு வேளையும் தேய்க்கிறேன். மேடம் வூட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் ஒத்துக்குது, என் புள்ளைக்குத்தான் ஒத்துக்கல. எங்க ஒடம்புலதான் இன்னாவோ கோளாறு போல.”

உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் நீதான் கேட்டாய், குழந்தை எப்படி இருக்கிறது என்று.

சொல்லிவிட்டேன் எழிலு. எண்ணெய் மெஷினுக்குப் போடுவது என்றேன். உன்னிடம் சோதிக்கக் கொடுத்தது வேறு, விற்றது வேறு என்றேன். மேடம் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கும் யாரும் அதைத் தேய்க்கவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மாறியது. அதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆட்டோ வைத்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா தேச்சீங்க?” என்று அவளைத்தான் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவர்கள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள். மருந்து எழுதிக் கொடுத்து, நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறிவிடும் என்றார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் குழந்தை அசந்து தூங்கிவிட்டது. அதன் கால் என் பக்கமாக நீண்டு என் புடவையில் பட்டுக்கொண்டிருந்தது. மலர்க்கொடி என்னைத் திட்டவில்லை. குழந்தையை மெதுவாகத் தூக்கி, என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஜோதி